அருகிலுள்ள குழு

எட்டாவது கேள்விக்கு அந்தப் பெண் ‘ஆமாம்’ என்றபோது குடும்ப உதவியாளருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அதை நினைத்து வெட்கப்பட்டது வேறு விஷயம். குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் பார்த்து முடித்ததும் தாய்மார்களைத் தடுப்பூசி அறையின் மூலையில் உட்காரவைத்துப் பத்துக் கேள்வி கேட்பது அவள் வேலை. கூரை ஒழுகுகிறதா, யாராவது அடிக்கிறார்களா, எட்டாவதாக, போன மாதம் சாப்பாடு இல்லாமல் படுத்த நாள் உண்டா. உண்டென்றால் ஏதாவதொரு உதவிக் குழுவோடு அவர்களைச் சேர்த்துவிட வேண்டும். முக்கால்வாசிப் பேர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடுவார்கள். இந்தப் பெண்ணும் இரண்டு முறை அப்படித்தான் ஓடினாள். பத்து மாதக் குழந்தைக்கு ஐந்து மாதத்து எடை. வாராவாரம் கொண்டுவராவிட்டால் பிள்ளை தங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

மூன்றாம் முறை உதவியாளர் பேனாவை மூடிவிட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகுதான் அந்த ‘ஆமாம்’ வந்தது.

“வீட்டுல எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தாதான்க்கா எனக்கு. இல்லேன்னா தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்குவேன். பாலே ஊற மாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“என் வாயிலேருந்து போகாதும்மா.”

வாயிலிருந்து போகவில்லைதான். கம்ப்யூட்டரில் முகவரியைத் தட்டினால் அருகிலுள்ள குழுவின் பெயர் தானாக வந்து நிற்கும். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். பச்சைப் பிள்ளையோடு எதற்கு அலைய வேண்டும், பாவம் என்று நினைத்து அவள் அப்படியே அனுப்பிவைத்தாள். அந்தத் தெருக் குழுவில் அந்தத் தெருக்காரர்கள்தானே இருப்பார்கள் என்ற சின்ன விஷயம் இருபது வருஷ அனுபவசாலியின் மண்டையில் உறைக்கவில்லை.

சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வந்த தொண்டர் அந்தப் பெண்ணின் நாத்தனார். பையில் ஒட்டியிருந்த சீட்டில் முகவரியும், ‘தாய்க்கு உணவு இல்லை’ என்ற காரணமும் இருந்தன. தன் பிறந்த வீட்டு வாசலில் நின்று அவள் அதைத் தன் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டினாளாம். பை வந்த வழியே திரும்பிப் போனது.

இரண்டு வாரம் அந்தப் பெண் வரவில்லை. போன் செய்தால் மாமியார்தான் எடுத்தாள். “எங்க மானம் சந்தி சிரிச்சது போதாதா?” என்று வைத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் அந்தக் குடும்பத்துக்கு நேரே ‘இணைக்கப்பட்டது’ என்று பச்சையில் எழுதியிருந்தது. மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, பலே, இந்த மாதம் நீங்கள்தான் முதலிடம் என்றார்.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் வந்தாள். கூடவே நாத்தனாரும், கழுத்தில் தொண்டர் அட்டையோடு. குழந்தையின் எடை இன்னும் முந்நூறு கிராம் இறங்கியிருந்தது.

“நீங்க கொஞ்சம் வெளியில இருக்கீங்களா? தாய்கிட்ட மட்டும் பேசணும்.”

“எங்களுக்குள்ள என்னங்க ஒளிவு மறைவு?” நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “நானும் உங்களை மாதிரி சேவை செய்யறவதானே. கேளுங்க.”

“இருக்கட்டும், அண்ணியும் இருக்கட்டும்” என்றாள் அந்தப் பெண்.

வேறு வழியில்லாமல் உதவியாளர் படிவத்தை மேசையில் விரித்தாள். ஏழு கேள்விக்கும் ‘இல்லை’. எட்டாவதை மெதுவாகக் கேட்டாள். என்னைப் பார்த்துச் சொல்லேன், ஒரு கண்ஜாடை போதும், இன்றைக்கே உன்னை இங்கேயே படுக்கையில் சேர்க்கச் சொல்கிறேன் என்று மனம் கெஞ்சியது.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, மேடம்.”

சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். அதற்குள் அவள் மடியிலிருந்த குழந்தை கையை நீட்டிப் படிவத்தின் ஓரத்தைக் கிழித்து வாயில் திணித்துக்கொண்டது.

“எதைக் கண்டாலும் வாயில வெச்சுக்கறதே இதுக்குப் பழக்கம்” என்று நாத்தனார் சிரித்தாள்.

அந்தப் பெண் சுண்டுவிரலை உள்ளே விட்டுக் காகிதத்தை எடுக்கப் பார்த்தாள். குழந்தை விடவில்லை. காகிதத்தையும் விரலையும் சேர்த்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, சப்பத் தொடங்கியது.