அடுப்பில் போட்ட நகல்

முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கித் தரும்படி ஏஞ்சல் மேரி என்னிடம் கேட்டபோது, அதை நான் அடுப்பில் போட்டுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

ஏஞ்சல் என் தம்பி பிலவேந்திரனின் ஒரே மகள். ஜெயங்கொண்டத்தில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. என் தம்பி இருபத்தாறு வருடம் சிமென்ட் லாரி ஓட்டியவன். அரியலூரில் அவர்களுடைய ஓட்டுநர் சங்க ஆபீஸ் சுவரில் ஒரு பலகை உண்டு. இருபத்தைந்து வருடம் ஒரு விபத்துகூட இல்லாமல் ஓட்டியவர்களின் பெயரை அதில் பெயின்டால் எழுதுவார்கள். மொத்தம் ஏழு பெயர்கள். ஏழாவது என் தம்பி. போன ஆயுத பூஜையன்று எழுதினார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினான். தன் கல்யாணப் போட்டோவைக்கூட அவன் அப்படிக் காட்டிக்கொண்டதில்லை.

"சங்கத்துல கேக்கறாங்க அத்தை," என்றாள் ஏஞ்சல். "கார ஓட்டிட்டு வந்து அப்பாவே இடிச்சிட்டாருன்னு பேச்சு வந்திருக்கு. தப்பு அவரு மேலன்னா பேரை அழிச்சிடணுமாம். எஃப்.ஐ.ஆர் காப்பி கொண்டாம்மா, பாத்துட்டு முடிவு பண்றோம்னு செயலாளர் சொல்றாரு. ஸ்டேஷன்ல கேட்டா, புகார் குடுத்தவங்க வந்தா தர்றோம்னாங்க. நீங்கதானே குடுத்தீங்க?"

ஆமாம், நான்தான் கொடுத்தேன். எழுதியவளும் நான்தான். வரதராசன்பேட்டையில் இருபத்தொன்பது வருடமாக டீச்சராக இருக்கிறேன். பட்டா மாறுதலா, விதவைப் பென்ஷனா, ரேஷன் கார்டா, எங்கள் தெருவில் எந்த மனுவும் என் கை படாமல் போனதில்லை. "சாந்தி மேரி டீச்சர் எழுதினா அச்சடிச்ச மாதிரி இருக்கும்" என்பார்கள். அந்தப் பெருமை எனக்கும் இருந்தது, மறுக்கவில்லை.

அன்றைக்குக் காரை ஓட்டியவன் என் தம்பி இல்லை. என் மகன் சகாய ஆனந்த்.

அவனுக்கு இருபத்து மூன்று வயது. குவைத் போக விசா வந்திருந்தது. கையில் இருந்தது எல்.எல்.ஆர் மட்டும்தான். மெடிக்கல் சர்டிபிகேட் வாங்க மாமனும் மருமகனும் தம்பியின் பழைய வெள்ளைக் காரில் பெரம்பலூர் போனார்கள். திரும்பும்போது, "மாமா, கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன்" என்று இவன் கேட்டிருக்கிறான். என் தம்பி யார் கேட்டும் இல்லை என்று சொன்னவன் கிடையாது. பொழுது சாயும் நேரம். ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று அச்சு முறிந்து, ஒரு சிவப்புத் துணிகூடக் கட்டாமல் வளைவில் நின்றிருந்தது. இவன் கடைசி நேரத்தில் வலப்பக்கம் ஒடித்தான். காரின் இடப்பக்கம் டிரெய்லருக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்முன் என் தம்பி போய்விட்டான். என் மகனுக்குக் காறை எலும்பு முறிந்தது, அவ்வளவுதான்.

பிணவறை வாசலில் நின்றோம். புகார் எழுதிக் கொடுத்தால்தான் போஸ்ட்மார்ட்டம் நடக்கும் என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் காதோரம் வந்து, "பிலவேந்திரன் ஓட்டுனான்னு எழுதிடு. செத்தவனை எந்தக் கோர்ட்டும் கூப்பிடாது. பையன் பொழைக்கட்டும்" என்றார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எழுதினேன்.

அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் நான் ஒன்று சேர்த்தேன். முன்னே தெருக்காரர்களுக்காக இரண்டு விபத்து மனு எழுதியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிச் சென்று' என்ற வரி தானாக வந்து விழுந்தது. யாரும் கேட்கவில்லை. தம்பி உள்ளே கிடக்கிறான், நான் வெளியே நின்று மனுவுக்கு லட்சணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு எழுத்தைக்கூட நான் அடித்துத் திருத்தவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

புகார் கொடுத்தவருக்கு இலவசமாக ஒரு நகல் தருவார்கள். எனக்கும் தந்தார்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதை மடித்த வாக்கிலேயே அடுப்பில் திணித்தேன். மூன்றாம் நாள் ஆனந்த், "அம்மா, நான்தான் ஓட்டுனேன்னு மாமா வீட்டு அத்தைகிட்டயும் ஏஞ்சல்கிட்டயும் சொல்லிடறேன்" என்றான். "வாய மூடிட்டுப் படு" என்றேன். படுத்தான். அதன்பிறகு சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடக்கிறான். தவக்காலம் வேறு. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததாக ஒரு பொய்யைச் சொல்லி வீட்டுக்கு ஓடி வந்தேன்.

ஏஞ்சலிடம் எத்தனை சாக்குதான் சொல்வது? "அன்னைக்குக் காப்பி எதுவும் தரலம்மா" என்றேன். பரீட்சை என்றேன், முட்டிவலி என்றேன். முப்பதாம் நாள் பூசைக்கு முன் சங்கத்தில் காட்ட வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு சனிக்கிழமை காலையில் ஜெயங்கொண்டம் வழியாகப் போகும் பஸ் ஏறி, அரியலூரில் இறங்கி, பெரம்பலூர் பஸ் பிடித்தோம். வழியில் அந்த வளைவு வந்தது. கண்ணாடித் தூள் இன்னும் ஓரமாகக் கிடந்தது. ஏஞ்சல் ஜன்னல் பக்கம் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் மடியில் இருந்த பையைப் பார்த்தபடி இருந்தேன்.

ஸ்டேஷனில் ஒரு ஏட்டம்மா இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார். தேதியைச் சொன்னதும் ஒரு பதிவேட்டைப் புரட்டினார்.

"டீச்சர், உங்களுக்கு அன்னைக்கே ஒரு காப்பி குடுத்துட்டோமே. இங்க பாருங்க, உங்க கையெழுத்து."

ஏஞ்சல் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தொலஞ்சு போச்சு போல," என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"பரவால்ல, இன்னொன்னு எடுத்துத் தரேன். பிரின்டர் சூடாகக் கொஞ்ச நேரம் ஆவும்," என்றார் ஏட்டம்மா. பிறகு மூலப் புகாரைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது நீங்க எழுதினதா? என்னா கையெழுத்துங்க! எங்க இன்ஸ்பெக்டர் ஐயாகூடச் சொன்னாரு, இப்படி ஒரு புகார் நம்ம ஸ்டேஷனுக்கு வந்ததே இல்லன்னு" என்றார்.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

தலையைத் திருப்பினால் ஏஞ்சல் பக்கத்தில் இல்லை. ஸ்டேஷன் மதிலை ஒட்டி, வழக்கில் பிடித்த வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தாள். வேப்பமரத்தடியில் தம்பியின் வெள்ளைக் கார் நின்றது. நானும் பின்னாலேயே போனேன். விபத்துக்குப் பிறகு அந்தக் காரை அதுவரை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இருந்தேன்.

வலப்பக்கம் ஒரு கீறல் இல்லை. ஸ்டியரிங் நேராக இருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிகூட முழுசாக இருந்தது. இடப்பக்கம் முழுவதும் நசுங்கி உள்ளே போயிருந்தது. ஏஞ்சல் குனிந்து அந்த இடப்பக்கத்து இருக்கைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தகரத்தில் சிக்கி ஒரு செருப்பு கிடந்தது. பழுப்புத் தோல் செருப்பு, இடது கால்.

"ஆஸ்பத்திரில ஒரு செருப்புதான் குடுத்தாங்க அத்தை. வலது காலுது. கால்ல போட்டபடியே இருந்துச்சாம்," என்றாள். அவள் நிமிரவில்லை. "எனக்கு அன்னைலேருந்து அதுதான் ஓடிக்கிட்டே இருக்கு. அப்பா வண்டில உக்காந்தா மொதல்ல செருப்பைக் கழட்டிப் பின்னாடி போடுவாரு. வெறுங்கால்ல மிதிச்சாதான் வண்டி பேசும்பாரு. ஒரு நாள்கூட செருப்பு போட்டு ஓட்டுனதில்ல."

எனக்கும் தெரியும். சின்ன வயதில் சைக்கிளைக்கூட அவன் வெறுங்காலோடுதான் மிதிப்பான்.

"அப்பா இங்கதான் உக்காந்திருந்தாரு. இல்லையா அத்தை?"

"ஆமா," என்றேன். இத்தனை நாளாக அடக்கி வைத்தது, ஒரே சொல்லாக வெளியே வந்துவிட்டது. "ஓட்டினது ஆனந்து. நான்தான் மாத்தி எழுதினேன். காப்பி தந்தாங்க, எரிச்சிட்டேன். அவன் உங்ககிட்டச் சொல்றேன்னான், நான்தான் வாயை அடைச்சேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏட்டம்மா ஜன்னல் வழியே கூப்பிட்டார், காப்பி தயார் என்று. ஏஞ்சல் போய் வாங்கிக்கொண்டாள். அந்த வராந்தாவில் நின்றே வாசித்தாள். குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் அவள் அப்பா பெயர். இறந்தவர் என்ற இடத்திலும் அவள் அப்பா பெயர். கடைசித் தாள் என் புகாரின் ஜெராக்ஸ். அதற்கு வந்ததும் அவள் விரல் ஒரு வரியின் கீழே போய் நின்றது. எந்த வரி என்று எனக்குத் தெரியும். அவளுக்கு 'அ' எழுதப் பழக்கியவளே நான்தான். மூன்றாம் வகுப்புவரை என் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இதையுமா அத்தை எழுதுனீங்க?" என்றாள். அழுகை அப்போதுதான் வந்தது.

நான் உள்ளே போய், ஏட்டம்மாவிடம் வெள்ளைத்தாள் கேட்டேன். எதற்கென்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யோசிச்சுதான் பேசறீங்களா? பையன் பேருல கேஸ் திரும்பும். லைசென்சும் இல்லைங்கறீங்க. வெளிநாடெல்லாம் அவ்வளவுதான். பொய்ப் புகார் குடுத்ததுக்கு உங்க மேலயும் வரும். கவர்மென்ட்டு சம்பளம் வாங்கறவங்க நீங்க."

"தெரியும்மா."

"வூட்டுல கேட்டுட்டு வாங்களேன்."

"வூட்டுல கேட்டுத்தான் மொதல்ல எழுதினேன்," என்றேன்.

தாளை நகர்த்தி வைத்தார். அனுப்புநர், பெறுநர் எல்லாம் எப்போதும் போல வந்தது. 'மேற்படி காரை ஓட்டி வந்தவர் என் மகன் சகாய ஆனந்த்' என்று எழுதினேன். அங்கே பேனா நின்றது. அடுத்து என்ன வரி வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தம்பிக்கு ஓடி வந்த அதே வரி. பெற்ற பிள்ளைக்கு அதை எழுதக் கை வரவில்லை. 'அதி' என்று இரண்டு எழுத்து எழுதினேன், அச்சடித்த மாதிரி இல்லை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருந்தது. மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். ஏட்டம்மா தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தார்.

ஏஞ்சல் வந்து என் பக்கத்தில் நின்றாள். தாளைப் பார்த்தாள்.

"அத அடிச்சிடுங்க அத்தை," என்றாள். "வேகமா வந்தானா இல்லையான்னு நமக்குத் தெரியாது. நம்ம யாரும் அங்க இல்ல. யாரு ஓட்டுனாங்கன்னு மட்டும் எழுதுங்க. டிரெய்லர்ல சிவப்புத் துணி கட்டாததையும் எழுதுங்க."

இருபது வயதுப் பெண். அப்பாவைப் பறிகொடுத்தவள். அவள் சொல்லி நான் அந்த இரண்டு எழுத்தையும் அடித்தேன். மீதியை எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்முன், ஏட்டம்மா கேட்காமலே முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"ஐயா வந்ததும் உங்களை விசாரிப்பாங்க. பையனும் நேர்ல வரணும்," என்றார் ஏட்டம்மா.

ஏஞ்சல், "கார்ல அப்பா செருப்பு ஒண்ணு கெடக்கு. எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"இப்ப தொடக்கூடாதும்மா. ஐயா வந்து பாத்து எழுதினதுக்கப்புறம் வாங்கிக்க."

ஆனந்துக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஸ்டேஷன்ல இருக்கேன்டா. நீதான் ஓட்டுனேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏஞ்சல் இருக்காளாம்மா? அவகிட்டக் குடு" என்றான்.

அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. சொன்னானா, அழுதானா, அதுவும் தெரியவில்லை. ஏஞ்சல் ஜன்னலுக்கு வெளியே அந்த வெள்ளைக் காரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள்தான் பேசினாள்.

"உன் மாமன் செருப்பு இன்னும் கார்லயே கெடக்கு. நீ வந்து எடுத்துக் குடு."