காற்று மெத்தை தின்ற கரண்ட்

இந்தக் கோடையில் நெருப்பெரிச்சல் ஊரில் தினமும் காலை பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும். திரும்பி வர இரண்டு மணி நேரமாகும். மயிலாளுக்கு அந்த நேரத்துக்கென்று இருந்தது ஒரு பழைய இன்வெர்ட்டர்தான், கண்ணுகளா. முன்னறையில் ஓவர்லாக் மெஷினில் குழந்தைகளுக்கான பனியன் தைப்பாள். உள்ளறையில் புருஷன் தங்கதுரை. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. படுக்கைப் புண் வராமலிருக்க ஆஸ்பத்திரியில் காற்று மெத்தை வாங்கச் சொன்னார்கள். சின்ன மோட்டார் ஒன்று அதற்குள் மாற்றி மாற்றிக் காற்றடித்துக்கொண்டே இருக்கும்.

பனியன் கட்டு சாயங்காலம் போய்ச் சேராவிட்டால் கம்பெனிக்காரர் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். இன்வெர்ட்டரோ பதினொன்றரைக்கே படுத்துக்கொண்டது. ஃப்ரிட்ஜை நிறுத்தினாள். ஃபேனை நிறுத்தினாள். போதவில்லை.

"மெத்தையையும் நிறுத்திப்போடு புள்ள," என்றான் தங்கதுரை. "நாள் பூரா உர்ருன்னு கத்திக்கிட்டே கெடக்குது. எவ்வளவு கரண்ட்டைக் குடிக்குதோ!"

"வேண்டாமுங்க மாமா. டாக்டர் திட்டுவாரு."

"டாக்டரா வந்து பனியன் தைக்கறாரு? எனக்குத்தான் கீழ ஒண்ணுமே தெரியறதில்லியே. ரண்டு மணி நேரம் தாங்க மாட்டனா?"

நிறுத்தினாள். அன்றைக்கு மெஷின் பத்து நிமிஷம் கூடுதலாக ஓடியதுபோல் அவளுக்குத் தோன்றிவிட்டது.

தினமும் அப்படியே நிறுத்தி மூன்று வாரம் போனது. உடம்பு துடைக்கும்போது புட்டத்துக்கு மேலே சிவந்திருந்தது. ஃபேன் இல்லாத வேர்வையில் வந்த வேர்க்குரு என்று பவுடர் போட்டாள். மறுநாளும் போட்டாள்.

ஒருநாள் பத்தரைக்கே மெஷின் நின்றுபோக, எலக்ட்ரீஷியன் ஜெபக்குமாரைக் கூப்பிட்டாள். அவன் பேட்டரி மூடியைத் திறந்தான்.

"என்னக்கா இது, தண்ணி சுத்தமா வத்திப் போச்சே! ஊத்தவே இல்லியா? பெறகு எப்படி சார்ஜ் நிக்கும்?"

"நிக்கோணும்னுதானுங்க தம்பி மெத்தையக்கூட நிறுத்தி வெச்சிருக்கறேன்."

அவன் மோட்டாரை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டான். "இதையா? ஜீரோ வாட்ஸ் பல்பு அளவுக்குத்தானக்கா இழுக்கும்! ஓடினா என்ன, நின்னா என்ன?"

மயிலாள் உள்ளே போய்ப் புருஷனைப் புரட்டினாள். பவுடருக்கு அடியில் தோல் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது. வாடை வந்தது.

"பேச்சையே காணோம்? பேட்டரி செத்துப்போச்சா?" என்றான் தங்கதுரை.

"ஒண்ணுமில்லீங்க மாமா," என்றாள். ஆட்டோ கூட்டிவரச் சொல்லி ஜெபக்குமாருக்குக் கையை மட்டும் காட்டினாள்.

புண் எலும்பைத் தொட்டுவிட்டதாம். வார்டில் அவனைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள்.

"வலிக்குதான்னு டாக்டர் கேட்டாரு. துளிகூட இல்லீங்கன்னேன்," என்றான் தலையணைக்குள்ளிருந்து. "நல்ல சேதிதான சொன்னேன்? அவரு ஏம் புள்ள மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு?"

மயிலாள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "அந்த மெத்தை ஜீரோ வாட்ஸ் பல்பு அளவுக்குத்தான் இழுக்குமாமுங்க மாமா," என்றாள்.