சேமக்காலையில் வாசித்த பெயர்

ஊர்ப் பெயரை எழுதாமல் விட்டிருக்கலாம். மூதேவி, எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. வெறும் கதிர்காமு என்று எழுதினால் செபம் வேறு யாரோ கதிர்காமுவுக்குப் போய்விடுமோ என்று பயந்து, நறுவிலிக்குளம் என்றும் சேர்த்து எழுதிக் கோயில் பெட்டியில் போட்டேன். நவம்பர் இரண்டாம் தேதி, ஆத்துமாக்களின் நாளில், சேமக்காலையில் கல்லறைகளுக்கு நடுவே நின்று பங்குச் சுவாமி வாசிக்கிற பெயர்கள் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வரும்.

என் மனிசன் எட்வேட் செத்து மூன்று வருசமாகப் போகிறது. தாழ்வுபாட்டில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. சண்டை நேரம் படகில் இந்தியாவுக்கு ஆள் ஏற்றியவர். சாவதற்கு முதல் நாள், சுவாமிக்கும் சொல்லாத ஒன்றை எனக்குச் சொன்னார். நறுவிலிக்குளத்துக் கதிர்காமுவை அவர் இந்தியாவில் இறக்கவில்லை. வழியில் நேவியின் வெளிச்சத்தைக் கண்டு பயந்து, நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் இறக்கி, "விடிய இந்தியாக்காரர் வந்து ஏத்துவினம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். எட்டாம் நாள் போய்ப் பார்த்தாராம். சடலத்தை அந்த மணலிலேயே மூடிவிட்டு வந்தாராம்.

"பிரான்சிஸ்கா, எனக்காகச் செபம் சொல்லு" என்றார்.

"தண்ணிக் கானையாவது குடுத்திட்டு வந்தனீங்களோ?" என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கதிர்காமுவின் பெண்சாதி சிவபாக்கியம், சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தவள். அப்போது எட்வேட் நல்ல சுகத்தோடு இருந்தார். "பத்திரமா இறக்கினனான் தங்கச்சி" என்றார். அவள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் பக்கத்தில் தேத்தண்ணியோடு நின்றேன். எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது.

அதிலிருந்து ஆறு மாதத்தில் அவர் செத்தார்; பிறகு சிவபாக்கியம் என்னோடு கருவாட்டு வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். மீனைக் கீறி உப்புப் போடுகிற கை நிற்காது, கதையும் நிற்காது. "அங்க ஒருத்தியை வச்சிருக்கிறாரோ தெரியாது அக்கா. அதுவும் பரவாயில்லை, ஆள் உயிரோட இருந்தால் காணும்" என்பாள். எனக்குக் கத்தி வழுக்கும். சில நாள் எரிச்சல்தான் வரும். "வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாரன்" என்று பேசியும் இருக்கிறேன். சொல்லத்தான் நினைத்தேன். அவளுடைய மகள் மதுஷிகாவின் கலியாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. மதுஷிகாவுக்குப் பிள்ளை பிறக்கட்டும் என்றேன். அதுவும் பிறந்து தவழ்கிறது.

இந்த வருசம் சுவாமியிடம் சாடைமாடையாகக் கேட்டேன். "செத்தவர் செய்த பாவத்தால இங்க ஒரு சீவன் இன்னும் வேகுதெண்டால், அந்த ஆத்துமம் இளைப்பாறுமோ சுவாமி?"

"அந்த வேதனையை நிப்பாட்டக்கூடிய ஆள் ஆரும் உயிரோட இருக்கினமோ?" என்று சுவாமி திருப்பிக் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கேட்டது என்ன, இந்த மனிசன் சொல்வது என்ன! வீட்டுக்கு வந்து நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கதிர்காமுவுக்கு ஒருவரும் செபிப்பதில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நம்புகிறவள் திவசம் செய்வாளா? அவர் செத்தது தெரிந்த நானாவது பெயரைக் கொடுத்தால், உத்தரிக்கிற ஸ்தலத்தில் எட்வேட்டின் வேதனை கொஞ்சம் குறையாதா? சிவபாக்கியம் சைவக்காரி, சேமக்காலைக்கு ஏன் வரப்போகிறாள்?

வந்தாள். அதுவரை ஒரு வருசமும் வராதவள், பின்னேரம் நாலு மணிக்கு மெழுகுதிரியோடு வந்து எட்வேட்டின் கல்லறையடியில் என் பக்கத்தில் நின்றாள். "வாடிக்கு இண்டைக்கு லீவுதானே. அண்ணைக்கு ஒண்டு கொளுத்துவம் எண்டு வந்தனான்" என்றாள். அவளை அனுப்ப ஒரு சாட்டு யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுவாமி வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

"நறுவிலிக்குளம், கதிர்காமு."

இத்தனை அந்தோனி, சவிரிமுத்துக்களுக்கு நடுவே அந்தப் பெயர் எல்லாருடைய தலையையும் திருப்பியது. சிவபாக்கியம் என் கையைப் பிடித்தாள். "அக்கா, எங்கட மனிசன்ரை பேரை ஆர் அக்கா இதில குடுத்தது?"

வேறு யாருமாக்கும் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு, நேவி, எட்டாம் நாள், மணல். அவள் அழவில்லை.

"அந்த எட்டு நாளில எத்தினை நாள் அவர் உயிரோட இருந்தவர்?"

"தெரியாது சிவபாக்கியம்."

"நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை."

அவள் குனிந்து, கையிலிருந்த மெழுகுதிரியை எட்வேட்டின் கல்லறையில் ஊன்றினாள். சுவாலை அணையாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டுதான் ஊன்றினாள். மன்னித்துவிட்டாள் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

நிமிர்ந்து சேலையில் கையைத் துடைத்தாள். "அண்ணை பொய் சொல்லி என்னைப் பேய்க்காட்டினது ஆறு மாதம்தான் அக்கா. பிறகு அவர் செத்திட்டார். மிச்ச மூண்டு வருசமும் நீங்கள்."

அவள் படலையைத் தாண்டிப் போன பிறகும் சுவாமி வாசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லாரும் ஆத்துமாக்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டு ஒன்றாகச் சத்தமிட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை.