பட்டைக் கண்ணாடி

ராஜமேரி அந்தப் படத்தை என் மேசைமேல் வைத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு, "இதுல ஒண்ண மட்டும் தனியா எடுத்துக் குடுங்கண்ணா," என்றாள். எந்த ஒன்று என்று சொல்லவில்லை. படத்தில் அவள் மகள் சகாயமேரி ஆறு முறை இருந்தாள். நடுவில் ஒரு முகம், சுற்றிலும் ஐந்து. ஒவ்வொரு தலையிலும் வெள்ளைப் பூமுடி. மகள் செத்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. ஒன்பது வயது. மூளைக் காய்ச்சல்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அதற்கு இன்னும் எட்டு நாள்தான். அவள் வீட்டுக்காரர் சவரி தானே சிமெண்டில் சிலுவை வார்த்து, படம் பதிக்க நடுவில் உள்ளங்கை அளவுக்குக் குழி விட்டு வைத்திருக்கிறாராம். "வூட்டுல வேற படமே இல்லீங்க. கத்திரிச்சுக் குடுத்தாலும் சரி," என்றாள்.

கத்தரிக்க முடியாது என்று எப்படிச் சொல்வேன்? அந்தப் படம் என் பெருமை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்துப் பதினோரு வருடம் பாஸ்போர்ட் படம் எடுத்துச் சலித்துப்போனவன் நான். எண்பத்தாறாம் வருடம் பெங்களூர் போனபோது அந்தக் கண்ணாடியை வாங்கி வந்தேன். லென்சின் முன்னால் மாட்டுவது. நடுவில் ஒன்றும் சுற்றி ஐந்துமாகப் பட்டை தீட்டியிருக்கும். எதைக் காட்டினாலும் ஆறாக்கிக் கோலம் போட்டுவிடும். செவ்வந்திப் பூவை எடுத்தேன், வளையலை எடுத்தேன், மனைவி தெரசாவின் கொலுசைக் கழற்றச் சொல்லி எடுத்தேன். கல்யாண ஆல்பத்துக்கு அட்டை ஆயிற்று. அச்சகக்காரர் கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் போட வாங்கிப் போனார். கடத்தூரிலிருந்தெல்லாம் ஆள் வந்து, "கஸ்பாரண்ணா, அந்தப் பூ மாதிரி போட்டோ" என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கடுத்த மே மாதம்தான் சகாயமேரி புதுநன்மை வாங்கினாள், முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு. காரிமங்கலம் பக்கத்து ஊர்க் கோயிலிலிருந்து நேராக வந்தார்கள். வெள்ளைக் கவுன், கையில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி. வெளிச்சம் பார்க்கக் கண்ணாடி மாட்டாமல் ஒன்று எடுத்தேன். விளக்கு மின்னியதும் கண்ணை மூடிவிட்டாள். "போச்சு, ஒரு பிலிம் தண்டம்" என்று அதட்டிவிட்டுக் கண்ணாடியை மாட்டினேன். ராஜமேரி தயங்கித் தயங்கி, "ஒண்ணு சாதாவா எடுங்களேண்ணா," என்றாள். "சாதாவா எங்க வேணா எடுத்துக்கலாம்மா. இத எங்க போய் எடுப்ப?" என்றேன். அந்த வாயை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

படம் வாங்க வந்த அன்று சகாயமேரி அதை வெகுநேரம் பார்த்தாள். "இதுல நான் எதுங்க?" என்று கேட்டாள். எல்லாமே நீதான் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

பட்டைக் கண்ணாடியில் எந்த முகமும் முழுசாக நிற்காது. ஒருத்தியின் கன்னத்தில் இன்னொருத்தியின் மெழுகுவர்த்தி எரியும். நடுமுகத்தின் நெற்றிமேல் மேலே இருப்பவளின் கை புகையாகப் படிந்திருக்கும். ராஜமேரியிடம், "ரெண்டு நாள் குடும்மா, பாக்கறேன்," என்றேன்.

கண் மூடிய அந்த நெகட்டிவ் உறைக்குள்ளேயே இருந்தது. அதை அப்படியே கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. காரணம் உண்டு. குழந்தை இறந்த அன்று, சவத்தை நாற்காலியில் சாய்த்துப் படமெடுக்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். காமிராவோடு போய் நின்றேன். ராஜமேரி வாசலை மறித்து, "கண்ணு மூடுன படம் எனக்கு வேணாம்," என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

கல்யாணக் கூட்டத்தில் யாராவது கண் மூடியிருந்தால் திறந்துவிடுவது எங்கள் தொழிலில் சாதாரணம். நெகட்டிவில் பென்சிலால் வெள்ளை விழி, பிரிண்டில் தூரிகையால் கருவிழி. இதுவரை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. சகாயமேரிக்கும் அப்படியே திறந்தேன். ஆறு முகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வரைந்தேன். நன்றாகவே வந்திருந்தது.

ராஜமேரி வந்து வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு படத்தைக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள்.

"கண்ணு யாருதுங்க?" என்றாள்.

பொய் சொல்ல வரவில்லை. வரைந்ததைச் சொல்லி, வரைவதற்கு முன் போட்டுப் பார்த்திருந்த, மூடிய கண்ணோடு இருந்த பிரிண்டை உறையிலிருந்து எடுத்து வைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நன்ம வாங்கிட்டு வந்து மண்டி போட்டப்ப இப்படித்தாங்க கண்ண மூடியிருந்தா. நான் பின்னால இருந்து எட்டிப் பாத்தேன்," என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "இது இருக்குதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவ இருக்கையிலயே பாத்திருப்பமேண்ணா. அவளும் பாத்திருப்பா," என்றாள்.

கண் மூடிய படத்தையே உள்ளங்கை அளவுக்கு வெட்டித் தரச் சொன்னாள். வெட்டியதில் ஓரம் கொஞ்சம் கோணிவிட்டது. பரவாயில்லை என்று வாங்கி, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். ஆறு முகப் படத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு எழுந்தாள். "இத நீங்களே வெச்சுக்குங்க. எதப் பாக்கறதுன்னே தெரியல."

அவள் ஏறிய காரிமங்கலம் பஸ் கிளம்பிப் போன பிறகு, ஒரு முகத்தையாவது தனியாகப் பார்க்கலாம் என்று படத்தின் மேல் கையை விரித்து வைத்தேன். சுற்றியிருந்த ஐந்தையும் ஐந்து விரல் மூடியது. நடுவில் இருந்தவளை உள்ளங்கை மூடிவிட்டது.