சாக்குக்கு அடியில் இரண்டு சிலிண்டர்

குடிநீர் நிலையத்தில் பன்னிரண்டு வருஷமாகக் குளோரின் கலக்கிறவர் அவர். ஊரே அவரைக் குளோரின்காரர் என்றுதான் கூப்பிடும். காலையில் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு மருந்து விடுவார். குளோரின் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக மஞ்சளாக மாறினால்தான் ஊருக்குத் திறந்துவிடுவார். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும் முன்னே, "அப்பா, இன்னிக்கு மஞ்சள் வந்துச்சா?" என்று கேட்டுவிடுவாள்.

மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கி வரும், குளோரின் சிலிண்டர் கொண்டுவரும் லாரியோ வராது. அதற்காகக் கோடையிலேயே மிச்சம் பிடித்து, இரண்டு சிலிண்டரை ஏட்டில் எழுதாமல் கொட்டகைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைப்பார். எழுதினால் மேலதிகாரி அடுத்த லாரியில் இரண்டைக் குறைத்துவிடுவார். அந்தச் சாக்குதான் வினையாகிப் போனது.

பேரழிவு ஆயுதம் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வல்லரசு ஒன்றிலிருந்து வந்த குழு குடிநீர் நிலையத்துக்கும் வந்தது. அவர்கள் நாட்டில் ஊர் ஊராகச் சாம்பலாக்கும் குண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அதை எண்ணிப் பார்க்க எவனாவது போயிருக்கிறானா? வாசலிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட மாட்டார்களா! இங்கே ஏட்டைப் பார்த்தார்கள், பதினொன்று. எண்ணினார்கள், பதிமூன்று.

"ரெண்டை ஏன் மறைச்சீங்கன்னு தலைவர் கேக்குறார்," என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"மறைக்கலைப்பா. மழைக்கு எடுத்து வச்சேன். புள்ளைங்க குடிக்கிற தண்ணிக்கு."

குழுத் தலைவர் தன் பாட்டிலிலிருந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"இதுல விஷவாயுக் குண்டு செய்யலாமாம். சோதிச்சு முடிக்கிற வரைக்கும் பதிமூணுக்கும் சீல்."

"ஐயையோ! ரெண்டையும் கொண்டு போகட்டும், என்னை ஜெயில்ல போடட்டும், மத்ததை விடச் சொல்லு. அவங்க ஊர்ல எத்தனை குண்டு இருக்கு, அதுக்கு எவன் சீல் வச்சான்னு கேளு!"

"அதை என் வாயால கேக்க முடியாதுண்ணே. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

மழை பிடித்துக்கொண்டது. கலங்கல் தண்ணீர் அப்படியே குழாய்களில் போயிற்று. காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஊர் முழுக்க அறிவித்தார்கள். அவர் மனைவியும் காய்ச்சித்தான் மகளின் பாட்டிலில் ஊற்றி அனுப்பினாள். பாட்டில் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. தாகம் எடுத்த பிள்ளை பள்ளிக்கூடக் குழாயில் வாய் வைத்துக் குடித்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். எல்லாம் வாந்தி, பேதி. தாழ்வாரத்து டிவியில், அதே வல்லரசு புதுக் குண்டு ஒன்றை வெற்றிகரமாக வெடித்துப் பார்த்ததாகச் செய்தி. உலக அமைதிக்காகவாம். கோட்டுப் போட்டவர்கள் கை தட்டினார்கள். பாவிகள்! குளோரின்காரர் மகளின் கட்டிலுக்குத் திரும்பினார்.

மகள் கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "அப்பா, மஞ்சள் வந்துச்சா?"

"வந்துச்சு கண்ணு."

அன்று மாலையே போய்விட்டாள்.

சீல் வைத்த இருபதாம் நாள் குழுவின் கடிதம் வந்தது. பதிமூன்றிலும் இருப்பது வெறும் குளோரின்தான், பயன்படுத்தலாம், ஒத்துழைப்புக்கு நன்றி. அவர் சீலை அறுத்தார், வால்வைத் திறந்தார், சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு மருந்து விட்டார். நல்ல மஞ்சள். ஊருக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

சாயங்காலம் வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை. வீட்டுக்குப் போய் இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், கொட்டகை வாசலில் அந்தச் சோதனைக் குழாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.