ரப்பர் இல்லாத பின்விளக்கு

பார்சலைப் பிரித்த மெக்கானிக்குக்குக் குஷி தாங்கவில்லை. தங்கை வீட்டுக்காரரின் பழைய காருக்குப் பின்விளக்கு ரப்பர் கிடைப்பது குதிரைக்கொம்பு. விளக்குக்கும் தகரத்துக்கும் நடுவில் உட்காருகிற சாதாரண வளையம்தான். அதற்காக அவர் ஊரெல்லாம் அலைந்திருந்தார். இப்போது ரப்பர் வந்துவிட்டது, கார் இல்லை.

அந்தக் கார் மாப்பிள்ளைக்கு மூத்த பெண்டாட்டி என்று குடும்பமே கேலி பேசும். காலையில் பழைய ரப்பரை மெக்கானிக் சுரண்டி எடுத்து முடிக்கவும் மாப்பிள்ளை வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"மலை மேல அக்கா வீட்டுக்குக் கிளம்பணும். வண்டி வேணுமே."

"புது ரப்பர் மதியம்தான் வரும், மாப்பிள்ளை."

"அது இல்லாட்டி வண்டி ஓடாதா?"

"ஓடும். மழை பெஞ்சா டிக்கிக்குள்ள தண்ணி எறங்கும், அவ்வளவுதான். ஒரு துணியப் போட்டுக்கங்க."

விளக்குகளை வெறுமனே திருகிக் கொடுத்து அனுப்பியும்விட்டார். பின்சீட்டில் தங்கையும், நாலு வயது மருமகளும். குழந்தை மாமனுக்குக் கையாட்டிக்கொண்டே போனது. அவர்கள் போன அரை மணியில், மதியம் வரவேண்டிய பார்சல் முன்னதாகவே வந்துவிட்டது.

இப்போது அளவு சரிதானா என்று பார்க்கப் பழைய ரப்பரைக் கையில் எடுத்தார். விரல் கறுத்தது. பிசுபிசுப்பான கரி. வெளிப்பக்கம் என்றால் ரோட்டு அழுக்கு என்று விட்டிருப்பார். கரி இருந்தது டிக்கியைப் பார்த்த உள்பக்கத்தில்.

சைலன்சர் புகை உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஓடுகிற காரின் பின்னால் சுழலுகிற காற்று, சந்து கிடைத்தால் புகையை உள்ளே தள்ளும். டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே இருப்பது வெறும் அட்டை. விறைத்துப்போன ரப்பராவது ஏதோ கொஞ்சம் தடுத்தது. அதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மழை வந்தால் துணி போடச் சொன்ன மகாபுத்திசாலி அவர்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். ஏற்றினால் புகைக்கு வெளியே போக வழி இல்லை. அந்தப் புகை இருமலைக்கூடத் தராது, தூக்கத்தைத்தான் தரும், எழவே முடியாத தூக்கத்தை.

மாப்பிள்ளைக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. தங்கைக்கு அடித்தார், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பைக்கில் ஏறினார்.

மலைப்பாதையில் மழை முகத்தில் அறைந்தது. ஒவ்வொரு வளைவிலும் கார் தெரியக் கூடாதா என்று தவித்தார். தெரிந்தால் என்ன கோலத்தில் தெரியுமோ என்றும் நடுங்கினார். குழந்தை தூங்கியிருக்கும். தூங்கட்டும், எழுப்பாதே என்றுதான் எந்த அம்மாவும் சொல்வாள். அந்த நினைப்பில் பைக் ஒருமுறை சறுக்கி நிமிர்ந்தது. கும்பிட்டே பழக்கமில்லாத சாமிகளை எல்லாம் கூப்பிட்டார்.

ஒரு வளைவைத் தாண்டியதும் கார் தெரிந்தது. ஓரமாக நின்றுகொண்டிருந்தது. இஞ்சின் ஓடியது, பின்னால் புகை வந்தது. ஆள் யாரும் இறங்கி நிற்கவில்லை.

பைக்கைக் கீழே சாய்த்துவிட்டு ஓடினார். பின்கதவைப் பிடுங்காத குறையாகத் திறந்தார். தொப்பலாக நனைந்த குழந்தை அவரைப் பார்த்து வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப்போல இனிமையானதை அவர் காது கேட்டதே இல்லை.

"வாங்க, உங்க தங்கச்சி லட்சணத்தப் பாருங்க" என்றார் மாப்பிள்ளை. "கொட்டற மழையில ரெண்டு பக்கமும் கண்ணாடிய எறக்கி வெச்சிருக்கா. சீட்டு என்னத்துக்கு ஆகும்? அதான் நிறுத்திட்டேன்."

மெக்கானிக் கையை நீட்டி சாவியைத் திருப்பினார். இஞ்சின் அடங்கியது. கரி படிந்த விரல்களைக் காட்டி, விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னார். பிறகு தங்கை பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கண்ணாடிய ஏன் எறக்கின?"

"குட்டி மூச்சு முட்டுதுன்னா" என்றாள் தங்கை. "மூடு மூடுன்னு வழியெல்லாம் இவர் திட்டிட்டே வந்தார். எவ்வளவு நேரம்ண்ணா திட்டு வாங்கறது? வாங்கினது போதும், மூடித் தொலைக்கலாம்னு இப்பதான் கைப்பிடியத் தொட்டேன்."