ரெண்டு பெடல் வண்டி

ரயில்வே கேட் திறந்ததும் கருத்தப்பாண்டி கியர் லீவரை, முன்னால் போக வைக்கும் 'டி'க்கு இழுத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தான். எஞ்சின் அலறியது, பிக்கப் வண்டி அசையவில்லை. பின்னால் நின்ற சேத்தூர் பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மில் மேனேஜர் சங்கரலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்னலே, கியர் விழலையா?"

"விழுந்துரும் அண்ணாச்சி. செத்த நேரம் சூடாகணும்."

விழவில்லை. கேட்டில் நின்றவர்கள் வந்து ஆளுக்கொரு கை கொடுத்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த கருத்தப்பாண்டிக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கேட்டில் நின்றுபோனதில் அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மேனேஜரை வைத்துக்கொண்டு நின்றுவிட்டதே என்பதுதான்.

தீபாவளிக்கு முன்பே தொடங்கிய கோளாறு அது. காலையில் லீவரை இழுத்தால் வண்டி உடனே புறப்படாது. ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் நகரும். பிறகு ஷெட்டுத் தரையில் சிவப்பாக எண்ணெய்ச் சொட்டு விழ ஆரம்பித்தது. அவன் விடிவதற்கு முன்னே போய் அதன்மேல் மண்ணைத் தூவினான். கிடைத்த எண்ணெயை வாங்கித் தானே ஊற்றினான். மேடு இல்லாத பாதையாகப் பார்த்துப் போனான். கியர் மாறும் இடத்தில் காலை லேசாகத் தூக்கி, வண்டியைக் கெஞ்சிக் கெஞ்சி ஓட்டினான். மில் மெக்கானிக் அந்தப் பக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிடுவான். பிரித்துப் பார்க்கிற எவனும், இதற்குச் சாமான் கிடைக்காது, தூக்கிப் போடு என்றுதான் சொல்வான். அதன் பிறகு அவனுக்கு வேறு வண்டி இல்லை.

ஒருகாலத்தில் அந்த மில்லின் லாரியை ஓட்டியவன் அவன். கயிறு அவிழ்க்கும்போது சரிந்த பஞ்சுப்பொதி இடது காலில் விழுந்தது. எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. கிளட்சை மிதிக்கக் காலில் வலு இல்லை. அந்தச் சமயத்தில்தான் முதலாளி, ஏதோ அணை வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன இந்தப் பிக்கப்பை ஏலத்தில் எடுத்து வந்தார். கிளட்ச் கிடையாது, தானாகக் கியர் மாறும். மற்ற டிரைவர்கள் 'ரெண்டு பெடல் வண்டி' என்று கேலி பேசி ஒதுங்கிக்கொண்டார்கள். பாண்டி ஓட்டட்டும் என்றார் முதலாளி. மறுநாள் காலையில் அவன் மறுபடியும் டிரைவர்.

லாரியில் கட்டி இழுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் இருந்த ஹுமாயூனின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். சவூதியில் இந்த மாதிரி வண்டிகளுக்கு அடியில் கிடந்து தொழில் பார்த்துத் திரும்பியவன் அவன். எஞ்சினை ஓடவிட்டு, கியர்பாக்ஸில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தான். நன்னாரி சர்பத் நிறத்தில் இருக்க வேண்டியது கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். ரிவர்ஸில் போட்டான்; வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. 'டி'யில் அதுவும் இல்லை. அணைத்துவிட்டு அடியில் படுத்து, எண்ணெய்த் தட்டைக் கழற்றி வெளியே இழுத்தான். அடியில் கறுப்புச் சேறு. அதில் விரலைத் தேய்த்து வெயிலில் காட்டினான். இரும்புத் தூள் மினுங்கியது.

"இது இன்னைக்கு நேத்து ஆனது இல்லையே, பாண்டியண்ணே."

"என்ன சொல்லுதீரு பாய்?" என்றார் மேனேஜர்.

கருத்தப்பாண்டி தரையைப் பார்த்தான். ஹுமாயூன் கையைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தான். பிறகு மேனேஜரைப் பார்த்தான்.

"வயசாயிட்டு அண்ணாச்சி. உள்ள இருக்க தகடு அம்புட்டும் தேஞ்சு கருகிருச்சு. டிரைவர் மேல குத்தமில்ல."

"அப்ப பழைய இரும்புக்குத்தானா?"

"எதுக்கு? எஞ்சின் தங்கமா இருக்கு. எங்கிட்ட பழைய வேன் கியர்பாக்ஸ் ஒண்ணு கெடக்கு. அத மாட்டி, ஒரு கிளட்ச் பெடல் வச்சுட்டா எந்த டிரைவரும் ஓட்டலாம்."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. முதலாளிக்குப் போன் பேசப் போனார்.

கருத்தப்பாண்டி தட்டின் அருகே குந்தினான். "இரும்புக்குப் போட்டிருக்கலாம்லா பாய்."

"நல்ல வண்டியண்ணே. மனசு வரல." ஹுமாயூனின் குரல் தாழ்ந்தது. "ஒழுக ஆரம்பிச்சப்பவே கொண்டாந்திருந்தா ஒரு ரப்பர் சீல மாத்தி அனுப்பியிருப்பேன். ஏண்ணே கொண்டாரல?"

"இனி இது ஓடாதுன்னு நீரு சொல்லிருவீருன்னு பயந்துதான்."

வீட்டில் மனைவி சண்முகத்தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சோற்றை வைத்தாள். "மில் கேட்டுல வாட்ச்மேனா உக்காரச் சொல்லுவாவ. உக்காந்தா என்ன? வெயில்ல அலைய வேண்டாம்."

"இந்த வண்டி வராமலே இருந்திருந்தா அன்னைக்கே உக்காந்திருப்பேன். பழகிப் போயிருக்கும்" என்றான்.

வண்டி தயாரானதும், அதன் போக்கைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிப் புது டிரைவர் காளிராஜோடு அவனையும் பஸ்ஸில் அனுப்பி வைத்தார்கள். பட்டறை வாசலில் பிக்கப் கழுவி நின்றது. கதவைத் திறக்கப்போன காளிராஜிடம், "செத்த பொறு. நான் ஒருக்கா உக்காந்துக்கிடுதேன்" என்றான்.

காளிராஜ் ஹுமாயூனைப் பார்த்தான். ஹுமாயூன் சாவியை நீட்டினான்.

எஞ்சின் ஒரே திருகில் பிடித்தது. கருத்தப்பாண்டி குனிந்து, இடது காலைக் கையால் தூக்கிப் புதுப் பெடல்மேல் வைத்தான். முழங்காலை ஒரு கையால் அழுத்தினான். பெடல் பாதியில் நின்றது. கியரைத் தள்ளியபோது நறநறவென்று கடித்துக்கொண்டது. "அண்ணே, வேண்டாம்ணே" என்றான் காளிராஜ், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. கருத்தப்பாண்டி இன்னொரு கையையும் முழங்கால்மேல் வைத்து உடம்பையே அதில் சாய்த்தான். பெடல் இறங்கியது. முழுதாக, அடிவரைக்கும். சாய்ந்த தலைக்குமேல், பிடிக்கக் கையில்லாத ஸ்டீரிங் எஞ்சின் அதிர்வில் நடுங்கிக்கொண்டிருந்தது.